குத்தம்பாக்கத்துக் கப்பலில் சிங்கி இறால்

குத்தம்பாக்கம் ஏரிக்கரையில் நிற்கும் கப்பலைப் பற்றி இரண்டு விதமான கருத்துகள் உண்டு. அது கப்பல் என்று உல்லாசக் கப்பல் வாரியம் சொல்கிறது. அது கட்டடம் என்று மற்ற எல்லோரும் சொல்கிறார்கள். வாரியத்தின் கருத்துக்கு அரசாணை இருக்கிறது. மற்றவர்களிடம் கண் மட்டும்தான் இருக்கிறது.

கப்பலை ஏன் தரையில் வைத்தீர்கள் என்று கேட்டால் வாரியத்தார் கோபப்படுவதில்லை. பொறுமையாகவே விளக்குகிறார்கள். கடலில் உப்பு இருக்கிறது, இரும்பு துருப்பிடிக்கும். கடலில் அலை இருக்கிறது, மேசையில் கோப்பு நிற்காது. அதனால்தான் இந்தக் கப்பலை சிமெண்டில் கட்டினார்கள். வெள்ளை அடித்து நீலக்கோடு போட்டார்கள். இரண்டு புகைபோக்கிகளில் ஒன்று தண்ணீர்த் தொட்டி, இன்னொன்று அழகுக்கு. சுற்றிலும் ஓர் அகழி வெட்டி, மழை பெய்தால் நிரம்பும் என்று விட்டார்கள். மழை பெய்தது, ஆகாயத்தாமரை நிரம்பியது.

அழகேசனுக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன் அவன். அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு சிங்கி இறால்.

அவன் பெண்டாட்டி சாமுண்டீஸ்வரிக்கு ஐந்தாவது மாதம். இதற்கு முன்னால் இரண்டு தடவை தங்காமல் போய்விட்டது. இந்தத் தடவை தங்கியது, ஆனால் அவள் வயிற்றில் வேறெதுவும் தங்கவில்லை. இட்லி வந்துவிடும், கஞ்சி வந்துவிடும், இளநீர் குடித்த டம்ளரைக் கீழே வைப்பதற்குள் வந்துவிடும். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, தாலிச்சரடு அவள் மேல் கொடியில் போட்ட துணி மாதிரித் தொங்கியது.

"இப்படியே போனா அட்மிட் பண்ணித்தான் ஆகணும். தாய்க்குள்ள போனாதானே புள்ளைக்குப் போகும்? அவ எத கேக்குறாளோ அத வாங்கிக் குடுங்க" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சாமு கேட்டது சிங்கி இறால். அவள் பிறந்தது காசிமேடு. திருவேற்காட்டுக்கு வாழ வந்த பிறகு நல்ல மீன் முகத்தையே பார்க்கவில்லை என்பது அவளுடைய நெடுநாள் குறை.

அழகேசன் காசிமேட்டுக்குப் போன் போட்டான். மாமியார் எடுத்தாள்.

"அத ஏன் கேக்குற நைனா! கரைக்கு வர்ற சிங்கி எறா பூராவும் குத்தம்பாக்கம் கப்பலுக்குத்தான் போவுது. வாரியத்து வண்டி வந்து கூடையோட அள்ளிக்கினு பூடுது. எங்களுக்கு மீச கூட கெடிக்கறது இல்ல. நீ அங்கயே இட்டுக்கினு போய் அவளுக்கு வாங்கிக் குடு. ஆசப்பட்டத குடுக்காம வுட்டா பொறக்கற கொயந்தைக்கு காதுல சீ வடியும், பாத்துக்க."

சீழ் வடியும் என்பதை அழகேசன் நம்பவில்லை. ஆனாலும் அன்று முழுக்கச் சவாரியில் ஏறுகிற குழந்தைகளின் காதையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமுவைக் கூட்டிக்கொண்டு குத்தம்பாக்கம் போய், ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினான்.

மரப்பலகைப் பாலத்தைக் கடந்ததும் ஒரு சிப்பந்தி ஆளுக்கொரு ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிவிட்டான். சாமுவுக்கு வயிற்றில் அது பூட்டவில்லை.

"இது இன்னாத்துக்கு சார்?" என்று அழகேசன் கேட்டான்.

"கப்பல் மூழ்கினால் மிதப்பதற்கு."

"தரைல கீற கப்பல் எப்டி சார் முய்கும்?"

"மூழ்கவில்லை அல்லவா? வாரியம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு தடவை கூட மூழ்கவிடவில்லை" என்றான் சிப்பந்தி பெருமையாக.

"சார், கடல் எங்க கீது?"

"கடல் இரண்டாம் கட்டத்தில் வருகிறது."

சங்கு ஊதியது. பலகைப் பாலத்தை உள்ளே இழுத்துக்கொண்டு இரும்புக் கதவைச் சாத்தினார்கள். வாத்தியக்காரர்கள் வாசித்தார்கள். கப்பல் புறப்பட்டுவிட்டதாக ஒலிபெருக்கியில் அறிவித்ததும் பயணிகள் கைக்குட்டையை எடுத்துக் கரையை நோக்கி ஆட்ட வேண்டியிருந்தது. கரையில் ஓர் எருமை நின்றுகொண்டிருந்தது. அது இவர்களைப் பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோதும் அதே இடத்தில் அதே எருமை.

"இன்னும் எடுக்கலியே" என்றான் அழகேசன்.

பக்கத்தில் நின்ற பெண் அவன் முழங்கையைத் தட்டினாள். பெயர் ஜெபா. குளச்சல் பக்கத்துக்காரி, கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, திருவேற்காட்டில் ஃபிளாட்.

"அண்ணே, சத்தமா சொல்லாதீங்க, கேட்டியளா. போன வாட்டி ஒருத்தரு இப்பிடித்தான் சொன்னாரு. கப்பல்ல கலகம் பண்ணுதாருன்னு புடிச்சிக் கீழ்த்தட்டுல ஒக்கார வச்சிட்டாவ."

"நீங்க முன்னாடியே வந்துகிறீங்களா?"

"இது மூணாவது தடவ. நல்ல மீனுக்கு நாக்கு செத்துப் போச்சு. ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவையாவது கெடைக்காதான்னுதான் வாரேன்."

சாமு இதைக் கேட்டு அழகேசனை ஒரு பார்வை பார்த்தாள்.

சாப்பாட்டு மண்டபத்தில் முதலில் இறால் தரிசனம். ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் ஒரே ஒரு சிங்கி இறால் மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் துப்பாக்கி வைத்த காவலாளி. பயணிகள் வரிசையாகப் போய்ப் பார்த்து, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு நகர வேண்டும். சாமு நகரவில்லை. கண்ணாடியில் மூக்கை ஒட்டி நின்றுவிட்டாள். இறாலும் அவளைப் பார்த்து இரண்டடி முன்னால் வந்தது. காவலாளி துப்பாக்கியைச் சரி செய்துகொண்டான்.

பிறகு மேசைக்கு வந்தது உண்மையான சாப்பாடு. வெள்ளித் தட்டில் சிவந்த பெரிய இறால் ஓடு, ஓட்டுக்குள் மசாலாவோடு எதுவோ. சாமு ஆவலாகக் கையை விட்டாள். எடுத்துப் பார்த்தாள். முகர்ந்தாள். முகம் சுருங்கிப் போயிற்று.

"யோவ், இது காலிஃபிளவர்யா."

"நான் அப்பவே சொல்லியிருக்கணும்" என்றாள் ஜெபா. "ஓடு மட்டும்தான் நெசம். உள்ள உள்ளத யாரு திங்கான்னுதான் தெரிய மாட்டேங்கு."

அழகேசன் தட்டைத் தூக்கிக்கொண்டு உணவு அதிகாரியைத் தேடிப் போனான். அதிகாரியின் பெயர் சுப்பராயன். உதட்டோரத்தில் மசாலா ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துக்கொண்டே எழுந்து வந்தார்.

"சார், எம் பொண்டாட்டி மாசமா கீறா சார். ஒண்ணுமே துன்றதில்ல. ஒரே ஒரு சிங்கி எறா குடுத்தீங்கன்னா போதும். துட்டு எவ்ளோன்னாலும் குடுத்துடறேன்."

சுப்பராயன் அவன் தோளில் கையை வைத்தார்.

"தம்பி, நீங்கள் கவலையே படக்கூடாது. இந்தக் கப்பலில் ஒரு கெட்ட இறால் கூடப் பயணிகளின் வாய்க்குப் போனதில்லை. காரணம், எங்கள் தரச் சோதனைக் குழு. மற்ற இடங்களில் என்ன செய்கிறார்கள்? பத்து இறாலில் ஒன்றைச் சுவைத்துப் பார்த்துவிட்டு மீதி ஒன்பதை மக்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். எவ்வளவு பொறுப்பில்லாத செயல்! அந்த ஒன்பதில் ஒன்று கெட்டிருந்தால்? நாங்கள் ஒவ்வோர் இறாலையும் சுவைக்கிறோம். வால் நன்றாக இருந்து தலை கெட்டிருந்தால்? ஆகவே முழுதாகச் சுவைக்கிறோம். இதில் எங்கள் உடம்பு என்ன பாடுபடுகிறது தெரியுமா? எனக்குக் கொலஸ்டிரால் எங்கேயோ போய்விட்டது. மக்களுக்காகப் பொறுத்துக்கொள்கிறோம். இதுவரை ஒரு புகார் கிடையாது."

"அப்ப ஜனங்களுக்கு இன்னா சார் குடுப்பீங்க?"

"சான்றிதழ். ஒவ்வொரு மேசையிலும் ஒட்டியிருக்கிறோமே, பார்க்கவில்லையா?"

அழகேசன் திரும்பி மேசையைப் பார்த்தான். சான்றிதழ் இருந்தது. சாமு இல்லை. மண்டபத்துக்கு வெளியே ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அகழியை நோக்கிக் குனிந்திருந்தாள். காலிஃபிளவர் வாடையே போதுமானதாக இருந்திருக்கிறது. ஓடிப்போய் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டான். உள்ளே எதுவும் இல்லாததால் வெறும் பித்தநீர்தான் வந்து தளத்தில் தெறித்தது.

மணி அடித்தது. ஒரு மணி அல்ல, கப்பலிலுள்ள அத்தனை மணிகளும். சிப்பந்திகள் நாலா பக்கமிருந்தும் ஓடிவந்தார்கள். தொப்பியைச் சரிசெய்தபடி கேப்டன் பக்தவத்சலமே படியிறங்கி ஓடிவந்தார். வாரியத்துக்கு வருமுன் தராசுகளுக்கும் எடைக்கற்களுக்கும் முத்திரை குத்திக்கொண்டிருந்தவர் அவர்.

"யார்? யார் எடுத்தது?"

"மன்னிச்சிக்க சார், நானே கயுவி வுட்டுடறேன்" என்றான் அழகேசன்.

"கழுவுவதா? யாரும் தொடாதீர்கள்! போட்டோ எடுங்கள்!"

ரோஜா மாலை வந்தது. சாமுவின் கழுத்தில் கேப்டன் போட்டார். அந்த வாடைக்கு அவள் மறுபடியும் குனிந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். கேப்டன் ஒலிபெருக்கியை வாங்கிக் குரல் தழுதழுக்கப் பேசினார்.

"பெரியோர்களே! இந்தக் கப்பல் ஓடுகிறதா ஓடவில்லையா என்று தணிக்கைக்காரர்கள் கேட்டார்கள். ஓடுகிறது என்று எழுதினோம். ஆதாரம் எங்கே என்றார்கள். ஓடுகிற கப்பலில் ஒருவருக்காவது கடல் மயக்கம் வந்திருக்க வேண்டுமே என்றார்கள். நாங்கள் தலைகுனிந்து நின்றோம். எத்தனை முயற்சி! சமையலை மாற்றிப் பார்த்தோம். சமையல்காரரை மாற்றிப் பார்த்தோம். ஒருவருக்கும் வரவில்லை. இன்று ஒரு தாய் தன் வயிற்றால் பதில் சொல்லிவிட்டார். கப்பல் ஓடுகிறது!"

"சார், அது மசக்க சார்" என்றான் அழகேசன்.

"கப்பலுக்குள் எடுக்கப்படும் வாந்தி எல்லாமே கடல் மயக்கம்தான். விதி அப்படி."

"ஊட்லயும் எடுத்துக்கினுதான் சார் கீறா."

"வீடு எங்கள் எல்லைக்குள் வராது."

செய்தி உடனே தலைமை அலுவலகத்துக்குப் போனது. பாராட்டும் உடனே வந்தது. இனிமேல் கப்பலின் ஓட்டத்தை அந்த அம்மாளின் மயக்கத்தை வைத்தே கணக்கிட்டு அறிக்கை அனுப்ப வேண்டும் என்றும் உத்தரவு வந்தது. கேப்டன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இவ்வளவு சந்தோஷமாக இருக்கிற மனிதரிடம் இப்போது கேட்டால் கிடைக்கும் என்று அழகேசனுக்குத் தோன்றியது. கேட்டான். கேப்டனின் முகம் வாடிவிட்டது.

"உங்கள் மனைவிக்கு இந்தக் கப்பலையே எழுதிக் கொடுக்கலாம். ஆனால் கடல் மயக்கம் கண்டவருக்குக் கடல் உணவு பரிமாறக் கூடாதே! வேண்டுமானால் எலுமிச்சம்பழம் தரச் சொல்கிறேன். முகர்ந்து பார்ப்பதற்கு."

"அப்ப எங்கள எறக்கி வுட்ருங்க சார். வேற எங்கனா பாத்துக்கறோம்."

"நடுக்கடலில் எப்படி இறக்குவது?"

"தோ கீது சார் கரை! தோ எம் வண்டி!"

கேப்டன் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, கூப்பிடு தூரத்தில் நின்ற ஷேர் ஆட்டோவை நெடுநேரம் பார்த்தார். பிறகு அவன் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"பாவம். வெகுநேரம் கடலில் இருப்பவர்களுக்கு இப்படித்தான் கரை தெரிவதுபோல இருக்கும். மனதைத் தளரவிடாதீர்கள். மாலையில் துறைமுகம் வந்துவிடும்."

அழகேசன் ஆட்டோ ஓட்டுகிறவன். போலீசிடம், ஆர்.டி.ஓ. ஆபீசில், ஆஸ்பத்திரி வாசலில் என்று எல்லா இடத்திலும் நின்று பழகியவன். சட்டை இஸ்திரியாக இருக்கிறவர் ஒன்றைச் சொன்னால் எதிர்த்துப் பேச அவனுக்கு வராது. சாமுவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"இன்னா சொன்னாரு?"

"கெடியாதாம்மே."

அவள் அழவில்லை. அழவும் தெம்பு வேண்டும். மாலையிலிருந்த ரோஜா இதழ்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தாள்.

"இதுவும் தங்காதாய்யா?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் கீழே விழுந்த இதழ்களைப் பொறுக்க ஆரம்பித்தான்.

அந்த நேரத்தில்தான் உணவு அதிகாரி சுப்பராயன் பதறியடித்துக்கொண்டு வந்தார். தரச் சோதனைக் குழுவில் பெண் உறுப்பினர் இடம் ஒன்று உண்டு. கடல் அனுபவம் உள்ள பெண்ணாக இருக்க வேண்டும் என்பது விதி. அப்படி ஒருவரும் கிடைக்காததால், அந்த அம்மாளின் பங்கு இறாலையும் மற்ற உறுப்பினர்களே பொறுப்பேற்றுச் சுவைத்து வந்தார்கள். தணிக்கையில் அதையும் பிடித்துவிட்டார்கள். இன்று முதல், பெண் உறுப்பினர் இல்லாமல் ஓர் இறாலைத் தொடக் கூடாது என்று தடை. இறால்கள் வெந்து, ஆறிக்கொண்டிருந்தன.

"அம்மா, உங்கள் கடல் அனுபவம் போட்டோவோடு பதிவாகியிருக்கிறது. தயவுசெய்து வந்து உட்காருங்கள்."

அழகேசனுக்குக் காதை நம்ப முடியவில்லை. "இவளுக்குக் குடுக்கக் கூடாதுன்னு கேப்டன் சொன்னாரே சார்!"

"பரிமாறத்தான் கூடாது. உறுப்பினருக்கு யாரும் பரிமாறுவதில்லை. அவர் ஆய்வு செய்கிறார்."

குழு அறையில் குளிர்சாதனம் ஓடியது. நீளமான மேசை, வெள்ளை விரிப்பு, சுற்றி இடுப்பு பெருத்த உறுப்பினர்கள். மேசை நடுவில் மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வதக்கிய சிங்கி இறால்கள் குவியலாகக் கிடந்தன. அறை வாசலிலேயே சாமு ஒரு நொடி நின்றாள். அழகேசன் சட்டென்று பையிலிருந்த பிளாஸ்டிக் கவரை எடுத்து விரித்துப் பிடித்தான். அவள் அதை விலக்கிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

முதல் வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். மென்றாள். விழுங்கினாள். அழகேசன் கவரோடு காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. இரண்டாவது இறாலை இழுத்துக்கொண்டாள். ஓட்டை முறிக்கிற சத்தத்தைத் தவிர அறையில் வேறு சத்தம் இல்லை. தன் தட்டை முடித்ததும் பக்கத்து உறுப்பினரின் தட்டைப் பார்த்தாள். அவர் தானாகவே நகர்த்தி வைத்தார். எல்லாம் முடிந்து விரலை நக்கிக்கொண்டிருந்தபோது சுப்பராயன் பணிவாகக் கேட்டார்.

"உறுப்பினரின் கருத்து?"

"உப்பு கொஞ்சம் கம்மி சார்."

குழுவின் வரலாற்றில் முதல் புகார். ஓர் உறுப்பினர் எழுந்து வெளியே போய்விட்டார்.

சாமு மேல்தட்டுக்கு வந்து சாய்வு நாற்காலியில் காலை நீட்டினாள். "வவுறு ரொம்பிச்சிய்யா" என்றாள். அடுத்த நிமிடம் தூங்கிப்போனாள். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அவள் வாய் திறந்து தூங்குவதை அழகேசன் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு கை வயிற்றின் மேல் கிடந்தது. ஈ உட்காராமல் விசிறிக்கொண்டிருந்தான்.

மாலை வந்தது. துறைமுகம் வரவில்லை.

சங்கு ஊதும் என்று பயணிகள் பையும் கையுமாகக் கதவருகே நின்றார்கள். கேப்டன் வெளிறிய முகத்தோடு ஒலிபெருக்கியைப் பிடித்தார். மதியத்துக்குப் பிறகு கடல் மயக்கம் பதிவாகவில்லை. மயக்கம் இல்லையென்றால் ஓட்டம் இல்லை. கப்பல் நடுக்கடலில் நின்றுவிட்டது. நின்ற கப்பல் துறைமுகம் சேர முடியாது. துறைமுகம் சேராமல் கதவைத் திறப்பது பயணிகளின் உயிருக்கு ஆபத்து.

முதலில் எல்லோரும் கேப்டனைத் திட்டினார்கள். அவர் உத்தரவைக் காட்டினார். ஆர்வமுள்ள சிலர் தொண்டையில் விரலை விட்டுப் பார்த்தார்கள். செயற்கை முறை செல்லாது, மேலும் பதிவானவர் அந்த அம்மாள்தான் என்று கேப்டன் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு எல்லோரும் சாய்வு நாற்காலியின் பக்கம் திரும்பினார்கள்.

"அண்ணே" என்றாள் ஜெபா, குரலைத் தாழ்த்தி. "தப்பா நெனைக்காதீங்க. நாளைக்கு எனக்கு ஆபீஸ் உண்டு. தங்கச்சிய ஒரே ஒரு வாட்டி எடுக்கச் சொல்லுங்களேன். சின்னதா போதும்."

ஒருவர் மதியத்துக் காலிஃபிளவரைத் தட்டோடு கொண்டுவந்து சாமுவின் மூக்கருகே நீட்டினார். அழகேசன் அதைக் கையால் மறைத்தான். இன்னொருவர் நாற்காலியை லேசாக ஆட்டிப் பார்த்தார். அழகேசன் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். பிடித்துக்கொள்வதைத் தவிர அவனுக்கு வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கேப்டன் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"தம்பி, எழுப்புங்கள். இத்தனை உயிர்கள் உங்களை நம்பி நடுக்கடலில் நிற்கின்றன. ஒரு குழந்தைக்காகப் பார்க்காதீர்கள், கப்பலைப் பாருங்கள்."

கரையில் அவன் வண்டி நின்றது. எருமையை யாரோ வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். அவன் கேப்டனின் முகத்தைப் பார்க்காமல் அவருடைய பளபளக்கும் ஷூவைப் பார்த்துச் சொன்னான்.

"நிக்கட்டும் சார் கப்பலு. உள்ள தங்கிக்கிச்சு சார்."

கேப்டன் கையிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விதியில் இதற்கு இடம் இருக்கிறதா என்று யோசித்தவரைப் போல இருந்தது. பிறகு நங்கூரம் பாய்ச்ச உத்தரவிட்டார். நாலு பேர் சேர்ந்து தள்ளினார்கள். அது ஆகாயத்தாமரையைப் பிளந்துகொண்டு போய் அடியிலிருந்த சிமெண்டுத் தளத்தில் டங்கென்று விழுந்தது. நாற்காலி அதிர்ந்தது.

சாமு முகத்தைச் சுளித்துப் புரண்டாள். தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. கேப்டன், சுப்பராயன், ஜெபா, சிப்பந்திகள், பயணிகள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள்.

ஏப்பம்தான் வந்தது.